பிள்ளையின் கேள்விக்குச் செவிமடுப்போம்



மாலை நேரம். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கின்றது. மூத்த பிள்ளையின் வீட்டுப்பாடம் ஒருபுறம், நாளைய வேலைக்கான ஆயத்தம் மறுபுறம். அவ்வேளையில் நான்கு வயது மகன் அருகில் வந்து, "அம்மா, வெங்காயம் வெட்டேக்கை ஏன் கண்ணீர் வருது?" என்று வினவுகின்றான். "கரைச்சல் தராமல் போய் விளையாடு" என்னும் பதில் நம்மில் அநேகரது வாயிலிருந்து தானாகவே வந்துவிடுகின்றது.

அப்பதிலைப் பத்துத் தடவை கேட்ட பிள்ளை பதினோராவது தடவை கேள்வி கேட்பதில்லை. பின்னர் அதே பிள்ளை பத்து வயதில் வகுப்பறையில் வாய் திறவாதிருக்கும்போது, "விளங்காவிட்டால் ஆசிரியரிடம் கேட்டிருக்கலாமே?" என்று நாமே கடிந்துகொள்கின்றோம். கேட்கும் பழக்கத்தை அணைத்தவர்கள் யார் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசுவை அவருடைய பெற்றோர் மூன்று நாட்களின் பின் எருசலேம் ஆலயத்தில் கண்டபோது, அவர் போதகர்களின் நடுவே அமர்ந்து, அவர்களுக்குச் செவிசாய்த்து, அவர்களிடம் வினாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என லூக்கா நற்செய்தியாளர் கூறுகின்றார். கேள்வி கேட்கும் பிள்ளை அடக்கமற்ற பிள்ளை அன்று. அங்கே அவர் கூறியது அன்னை மரியாளுக்கும் சூசையப்பருக்கும் விளங்கவில்லை. ஆயினும் அன்னை அவை அனைத்தையும் தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். பிள்ளை சொல்வதை மனதில் இருத்துவதே பெற்றோரின் முதற்கடமை. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது 1965 ஆம் ஆண்டு ஏட்டில் எடுத்துரைத்துள்ளது.

இதற்குப் பெரும் செலவோ பட்டமோ வேண்டுமா? இத்தாலியில் 1870 இல் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமான மரியா மொண்டிசோரி அம்மையார், 1907 ஆம் ஆண்டு மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். வேலைக்குச் செல்லும் ஏழைகளின் பிள்ளைகளே அங்கிருந்தனர். அழகிய விளையாட்டுப் பொருட்களை விட, தண்ணீர் ஊற்றுதல், பெருக்குதல், பொத்தான் பூட்டுதல் போன்ற உண்மையான வேலைகளையே அப்பிள்ளைகள் விரும்பியதை அவர் அவதானித்தார். 1944 இல் நம் இலங்கைக்கும் வந்து பயிற்சி நெறி நடத்திய அவரது அனுபவம் உணர்த்துவது இதுவே: சிறு பிள்ளை கைகளால் கற்கின்றது. நம் வீட்டுக் குசினியும் முற்றமுமே அதற்குப் போதுமான பாடசாலை.

வெங்காயத்தை வெட்டும்போது கந்தகம் கலந்த ஒருவகை வாயு எழுந்து கண்ணை உறுத்துகின்றது. கண் தன்னைத்தானே கழுவிக்கொள்ளவே நீர் சுரக்கின்றது. இதனைக் கூற அரை நிமிடமே தேவை.

இரவில் ஊறவைத்த பயற்றில் சிலவற்றை ஈரத்துணியில் பரப்பி வையுங்கள். இரண்டொரு நாளில் வெண்ணிற வேர் எட்டிப் பார்க்கும். அதனைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வேர் மீண்டும் கீழ்நோக்கியே வளைவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அருட்தந்தை கிரகோர் மெண்டல் தமது துறவற மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளைப் பொறுமையுடன் வளர்த்து எண்ணியதனாலன்றோ பரம்பரை இயல்பு பற்றிய விதிகள் உலகிற்குத் தெரியவந்தன!

நுவரெலியாவிலுள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றால், போத்தலிலுள்ள தேங்காய் எண்ணெய் வெண்மையாக உறைந்திருப்பதைக் காட்டுங்கள். ஏறக்குறைய 25 பாகை செல்சியஸிற்குக் கீழே அது உறையத் தொடங்கும். போத்தலைக் கையில் பிடித்து, அது இளகுவதைப் பிள்ளை பார்க்கட்டும். ஏப்ரல் மாதத்தில், 5 ஆம் திகதியளவில் நாட்டின் தெற்கிலும் 15 ஆம் திகதியளவில் வடக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டு, அதன் நிழல் எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது, "நிலா ஏன் இவ்வளவு பெரிசு?" என்று பிள்ளை கேட்கக்கூடும். மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறாகும். ஆகவே புனித வாரத்தில் நிலவு முழுமையை ஒட்டியே இருக்கும். சுவரிலுள்ள நாட்காட்டியில் போயா தினத்தையும் உயிர்ப்புத் திருநாளையும் பிள்ளை விரலால் தொட்டு எண்ணட்டும்.

பதிலைக் கைத்தொலைபேசியில் தேடிக் கொடுக்குமுன், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். தெரியாதவிடத்து, "எனக்கும் தெரியாது, வா பார்ப்போம்" என்று கூறுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. அறியாமையை ஒப்புக்கொள்ளும் தாழ்மையையும் உண்மையைத் தேடும் துணிவையும் பிள்ளை அவ்வேளையில் கற்றுக்கொள்கின்றது.

எல்லாக் கேள்விகளும் இலகுவானவை அல்ல. நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது, "அப்பப்பா நித்திரையோ?" என்று பிள்ளை கேட்கின்றது. "ஓம்" என்று சொல்லிவிட்டால், அன்றிரவு அப்பிள்ளை கண்மூட அஞ்சலாம். அப்பப்பாவின் உடல் இயங்குவதை நிறுத்திவிட்டது, அவர் இனி வீட்டிற்கு வரமாட்டார், ஆனால் இறைவனின் கரங்களில் இருக்கின்றார் என்று நம்புகின்றோம், அவருக்காகச் செபிக்கின்றோம் என்று எளிய சொற்களில் கூறுங்கள். போர்க்காலத்தில் காணாமற்போன ஒருவரின் படம் தொங்கும் வீடுகளும் நம் மத்தியில் உள்ளன. "இவர் எங்கே?" என்ற கேள்விக்கு அங்கே பொய்யான ஆறுதலும் ஆகாது, மௌனமும் ஆகாது. "எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இன்னும் தேடுகின்றோம், மறக்கவில்லை" என்பதே உண்மையான பதில். அதைக் கூறும்போது உங்கள் கண் கலங்கினால் அதில் வெட்கமில்லை.

இன்று முன்பள்ளிப் பருவத்திலேயே போட்டி தொடங்கிவிடுகின்றது. புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிப் பிள்ளைகள் ஒரு தனியார் வகுப்பிலிருந்து மற்றொன்றிற்கு ஓடுகின்றனர். பரீட்சை வேண்டாம் என்பதன்று நமது கருத்து. விடைகளை மட்டும் மனனம் செய்த பிள்ளை, பரீட்சை முடிந்ததும் கற்பதையும் நிறுத்திவிடும். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையோ வாழ்நாள் முழுவதும் கற்கும்.

ஆகவே அன்பார்ந்தவர்களே, இவ்வாரம் ஒன்றைச் செய்வோம். இரவுச் செபத்திற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, "இன்று நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்று பிள்ளையிடம் வினவுவோம். அது கூறுவதைக் குறுக்கிடாது கேட்போம். அடுப்படியில் அன்று பதிலின்றி அனுப்பப்பட்ட கேள்வி ஏதேனும் இருந்தால், அதனை நாமே நினைவூட்டி மீண்டும் தொடங்குவோம். கேட்கும் உள்ளத்தைப் பிள்ளைகளுக்குத் தந்த இறைவன், செவிமடுக்கும் பொறுமையை நமக்கும் தருவாராக.