பதில் எந்தப் பெயரில் போகும்?

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் மாமாவுக்கு ஒன்பது அறை லாட்ஜ். பௌர்ணமி நெருங்கினால் மெயில் பார்க்க என்னைக் கூப்பிட்டுவிடுவார். லாட்ஜுக்கு ஒரு கணக்கு, முன்பதிவுத் தளங்களுக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, அவர் சொந்தக் கணக்கு ஒன்று. பிரவுசரில் நான்கு டேப். எது எதுவென்று மூலையில் இருக்கும் குட்டி வட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா அறை கேட்டார். "இருக்கிறது, வாங்க" என்ற என் பதில் மாமாவின் சொந்தக் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த அம்மா திரும்ப எழுதியதும் அங்கேயே விழுந்தது. நான்கு நாள் யாரும் திறக்கவில்லை. அந்த அம்மா வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பல ஊர்களிலிருந்து தபால் வருவது இங்கே புதிதல்ல. ரமணர் காலத்தில் ஆசிரமத்துக்கு வந்த கடிதங்கள் அவர் பார்வைக்குப் போகும். அலுவலகத்தில் எழுதிய பதிலையும் அவரிடம் காட்டிவிட்டே அனுப்புவார்கள். வருவதும் போவதும் ஒரே கை வழியாக. கணினியில் அந்த வேலைக்குத்தான் மெயில் மென்பொருள்.

விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலியின் கதை 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்கு மாற்றாக வந்த புதிய அவுட்லுக், ஜிமெயில் போன்ற வெளிக் கணக்குகளின் மெயிலில் ஒரு பிரதியை மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கும் கொண்டுபோகும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அதற்காகப் பாஸ்போர்ட் நகல்கள் மெயிலில் வந்து குவிகின்றன. அவை இன்னொரு இடத்திலும் சேர்வதில் எனக்கு மனமில்லை. இஎம் கிளையன்ட் பார்க்க அழகு, ஆனால் இலவசப் பதிப்பில் இரண்டு கணக்குதான். நம்மூர் ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, வெளி மென்பொருளில் இணைக்க முடியாது.

கடைசியில் தண்டர்பேர்ட். 2004-இல் வந்தது, காசில்லை, கணக்குக்கு வரம்பில்லை. இணைக்கும்போது பாப் வேண்டாம், ஐமேப் என்றே தேர்ந்தெடுங்கள். பாப் தபாலைப் பெட்டியிலிருந்து வழித்து வீட்டுக்கு எடுத்து வருகிற மாதிரி. சர்வரில் பிரதியை விட்டுவைக்காவிட்டால் அப்புறம் மாமாவின் போனில் ஒன்றும் இருக்காது. ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், நம்மிடம் இருப்பது பிரதி.

நான்கு இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் வசதியைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: மெயில் எந்தக் கணக்குக்கு வந்ததோ, பதில் அங்கிருந்தே கிளம்புகிறது. புதிதாக எழுதும்போதுதான் கவனம் வேண்டும். ஒன்றுசேர்ந்த பெட்டியில் நின்று எழுதினால் முதன்மைக் கணக்கிலிருந்து போகும். அதனால் லாட்ஜ் கணக்கையே முதன்மையாக வைத்தேன்.

கணக்குகளுக்கு 'லாட்ஜ்', 'புக்கிங்', 'ஆடிட்டர்', 'வீடு' என்று பெயரிட்டோம். அந்தப் பெயர் நமக்கு மட்டும் தெரிவது. 'உங்கள் பெயர்' என்ற கட்டத்தில் எழுதுவதுதான் எதிராளிக்குப் போகும். மாமா அதில் 'வீடு' என்று போட்டிருந்ததை ஆடிட்டர்தான் போன் செய்து சொன்னார்.

இப்போது அனுப்புவதற்கு முன் மேலே அனுப்புநர் வரியைப் பார்க்கிறார் மாமா. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு.