உள்ளங்கைக் கணிப்பொறியும் அதன் நினைவகமும்



விஞ்ஞான விந்தைகள் நாளுக்கொன்றாய்ப் பெருகிவரும் இக்காலத்தில், ஒரு கணிப்பொறி முழுவதும் ஒரே பலகையில், அதுவும் நம் உள்ளங்கையில் அடங்கும் சிறு பலகையில், வந்துவிட்டதென்றால் வியப்பாக இல்லையா? ‘ராஸ்பெரி பை’ என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஈபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணிப்பொறியைக் கற்கவேண்டும் என்றெண்ணி இதை உருவாக்கினர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. திரையும் விசைப்பலகையும் இணைத்து இதையே வீட்டு மேசைக் கணிப்பொறியாக்கிக் கொள்ளலாமே என்று பலரும் விரும்புகின்றனர். தாராளமாக விரும்பலாம். ஆனால் பணத்தைக் கொடுக்குமுன் அதன் நினைவகத்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவகம் என்பது யாது? நாம் படிக்க உட்காரும்போது அலமாரியிலுள்ள எல்லாப் புத்தகங்களையும் மேசைமேல் பரப்புவதில்லை. வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கிறோம். கணிப்பொறிக்கு அலமாரி அதன் நினைவட்டை. மேசை அதன் நினைவகம். மேசை சிறிதானால் ஒன்றை எடுக்க மற்றொன்றைத் திரும்ப வைக்கவேண்டும். படிக்கும் நேரத்தைவிட எழுந்து நடக்கும் நேரமே அதிகமாகிவிடும்!

முதலில் வந்த பலகையில் 256 மெகாபைட் நினைவகம் இருந்தது. இது குறைவா? 1981இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கென வந்த பி.பி.சி. மைக்ரோவின் ‘பி’ வகையில் இருந்ததோ 32 கிலோபைட் மட்டுமே. அதைப்போல 8,192 மடங்கு! அப்படியிருந்தும் போதவில்லை என்றால் குற்றம் யாருடையது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று அட்டையில் மூன்று நான்கு மெகாபைட் இடத்தையே பிடிக்கலாம். ஏனெனில் அது சுருக்கி மடித்து வைத்த புடவையைப் போன்றது. திரையில் காட்டவேண்டுமானால் விரித்தாக வேண்டும். அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என 120 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 480 இலட்சம் பைட்! அதாவது 48 மெகாபைட். இப்போது இணையப் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை படங்கள், எத்தனை விளம்பரங்கள்! ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிச் செயலாக இயக்குவதே பல உலாவிகளின் வழக்கம். கடிதம் தட்டச்சு செய்ய இடம் தாராளமாக இருந்த அதே பலகை, நாலைந்து இணையப் பக்கங்களைத் திறந்ததும் திணறுவது இதனால்தான். போதாததற்கு, திரையில் படம் வரையும் பகுதியும் இதே நினைவகத்தில்தான் பங்கு கேட்கிறது.

நினைவகம் நிரம்பினால் கணிப்பொறி என்ன செய்யும்? உடனடியாகத் தேவைப்படாதவற்றை நினைவட்டைக்கு மாற்றிவைக்கும். அட்டையோ நினைவகத்தைவிட மிகவும் மெதுவானது. சுட்டி நகராது, எழுத்து தாமதித்துத் தோன்றும். ஓயாமல் எழுதி அழிப்பதால் அட்டையும் தேய்கிறது. அங்கும் இடமில்லாவிட்டால், லினக்ஸ் இயக்கமுறை யாரையும் கேளாமல் ஏதேனும் ஒரு செயலை நிறுத்திவிடும். பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் உலாவியே பலியாகும். அதில் நாம் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை சேமிக்கப்படாதிருந்தால் போனது போனதுதான். (இந்த வேதனையை அறியாதவர் நம்மில் குறைவு!) நினைவகத்திற்குள்ளேயே பொருள்களைச் சுருக்கி வைக்கும் ‘இஸட்-ரேம்’ என்னும் முறை ஓரளவு உதவுகிறது. அட்டைக்கு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

‘ஃப்ரீ’ என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, காலியிடம் மிகக் குறைவாக இருக்கிறதே என்று சிலர் பதறுவதுண்டு. பதறவேண்டாம். சும்மா கிடக்கும் இடத்தில் அண்மையில் படித்த கோப்புகளை வைத்திருப்பது லினக்ஸின் வழக்கம்; கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ‘அவைலபிள்’ என்ற பத்தியிலுள்ள எண்ணையே பார்க்கவேண்டும்.

சரி, மேலும் கொஞ்சம் நினைவகம் வாங்கிச் செருகிவிடலாமே என்று பெற்றோர் வினவலாம். இயலாது! நினைவகச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. வாங்கும் நாளில் உள்ளதே என்றும் உள்ளது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டாம், மூன்றாம் வகைகளில் 1 ஜிகாபைட்டுக்கு மேல் கிடையாது. அவற்றின் சில்லால் அதற்குமேல் கையாள முடியாது. 2019இல் வந்த நான்காம் வகையில்தான் அந்தத் தடை நீங்கியது. அப்போது 1 ஜிகாபைட் 35 டாலர், 2 ஜிகாபைட் 45, 4 ஜிகாபைட் 55 என விற்றனர். 2020இல் 8 ஜிகாபைட் பலகையும், 2025இல் ஐந்தாம் வகையில் 16 ஜிகாபைட் பலகையும் வந்தன.

8 ஜிகாபைட் வாங்குவோர் இயக்கமுறையையும் கவனிக்கவேண்டும். 32 பிட் முகவரியால் எண்ணக்கூடியது 4 ஜிகாபைட் வரையே. ஆகவே 32 பிட் முறையில் மொத்த நினைவகமும் பயன்பட்டாலும், தனியொரு செயலுக்கு ஏறத்தாழ 3 ஜிகாபைட்டுக்கு மேல் கிட்டாது. 64 பிட் முறையில் இத்தொல்லை இல்லை.

எங்கள் கருத்தில், கடிதமும் கணக்கும் எழுத 2 ஜிகாபைட் போதும். இணையத்தில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு 4 வேண்டும். கைகொடுத்தால் 8 வாங்கலாம். ஏற்கெனவே 1 ஜிகாபைட் பலகை வாங்கியவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டாம். திரையும் உலாவியும் இன்றி, மழையளவையோ வெப்பத்தையோ இரவும் பகலும் குறித்துவைக்கும் வேலைக்கு அதில் பாதி நினைவகமே தாராளம்.