பழைய கணினிப் பலகையை மீண்டும் கட்டுதல்: பிழை கற்பிக்கும் பாடம்

கணினித் துறையில் ஐம்பது ஆண்டு என்பது நெடுங்காலம். 1976ஆம் ஆண்டில் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1 கணினி ஏறத்தாழ 200 எண்ணிக்கையிலேயே உருவாக்கப்பட்டது. 666.66 அமெரிக்க டாலர் கொடுத்து அதனை வாங்கியவருக்குக் கிடைத்தது, சில்லுகள் பொருத்தப்பட்ட மின்சுற்றுப் பலகை மட்டுமே. விசைப்பலகை, திரை, மின்மாற்றி, பெட்டி ஆகியவற்றை அவரே தேடிக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டில் அத்தகைய பலகையொன்றை அமெரிக்காவிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 905,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கியது. இத்துணை அரிய பொருளில் மாணவர் எவரும் பற்றவைப்புக் கோலை வைத்துப் பழக இயலாது. ஆகவே ஆர்வலர்கள் அப்பலகையின் மறுபடியைச் செய்து, அதன்வழிக் கற்கின்றனர்.

இம்முயற்சி கைகூடுவதற்கு முதற்காரணம், ஆப்பிள்-1 கையேட்டிலேயே முழுச் சுற்று வரைபடமும் அச்சிடப்பட்டிருந்தமை ஆகும். பொருள் அழியினும் அதன் அமைப்பு எழுத்தில் நின்றது. ஆயினும், படத்தைப் பார்த்துப் படியெடுத்துவிட்டால் கணினி இயங்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. எங்கோ ஓரிடத்தில் ஈயம் சரியாகப் பற்றாமலிருக்கும். அருகருகே உள்ள இரு தடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய கருவியிலிருந்து கழற்றிய சில்லு ஏற்கெனவே செயலிழந்திருக்கும். அந்தப் பிழையைத் தேடும் பணியில்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது.

தேடலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் சோதித்து, அது செவ்வையானது என்று உறுதிசெய்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

முதலாவது, மின்வழங்கல். இப்பலகைக்கு நேர் 5, எதிர் 5, நேர் 12, எதிர் 12 என நான்கு வோல்ட் அளவுகள் தேவை. சில்லுகளைப் பொருத்துவதற்கு முன்பே இவற்றை அளந்து பார்த்தல் வேண்டும். அக்கால நினைவகச் சில்லுகளுக்கு எதிர் 5 வோல்ட் கிடைக்காமல் மற்றவை மட்டும் கிடைத்தால், அவை பழுதடையக்கூடும்.

இரண்டாவது, திரைப்பகுதி. ஆப்பிள்-1இல் இப்பகுதி செயலியைச் சாராமல் தனித்தே இயங்கும். ஆதலால் செயலியைப் பொருத்தாமலே மின்சாரம் கொடுக்கலாம். திரை முழுவதும் குறிகள் ஒழுங்கான வரிசையில் தோன்றினால், கடிகாரத் துடிப்பைத் தரும் படிகமும் எண்ணிகளும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்ளலாம்.

மூன்றாவது, 6502 என்னும் செயலி. அதனைப் பொருத்தி, மீட்டமைப்பு விசையை அழுத்தினால், 256 பைட்டு மட்டுமே உடைய கண்காணிப்பு நிரல் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைத் திரையில் காட்டி விடையளிக்கும். அக்கோடு தோன்றாவிடில் கடிகாரத் துடிப்பு செயலியை அடைகிறதா, முகவரித் தடங்களில் அசைவு உண்டா என்று அலைநோக்கியால் பார்க்க வேண்டும்.

நான்காவது, நினைவகம். பலகையில் எட்டுச் சில்லுகள் கொண்ட இரு வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு சில்லும் ஒரு பைட்டின் எட்டு இருமங்களுள் ஒன்றை மட்டும் காக்கிறது. முதல் வரிசையைக் கண்காணிப்பு நிரலே பயன்படுத்துவதால், விடை கிடைத்தவுடன் அவ்வரிசை பெருமளவு சரியெனக் கருதலாம். இரண்டாம் வரிசையில் 255 என்னும் எண்ணை எழுதிப் படிக்கும்போது 239 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 16. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என எண்ணினால் குறை ஐந்தாம் இருமத்தில் என்பது விளங்கும். எட்டுச் சில்லுகளில் ஐயத்துக்குரியது ஒன்றே!

இனி அச்சில்லையே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதனைப் பக்கத்துச் சில்லோடு இடம் மாற்றிச் சோதிக்க வேண்டும். பிழையும் உடன் நகர்ந்தால் குறை சில்லினுடையது. பிழை பழைய இடத்திலேயே நின்றால், குறை தாங்கியிலோ பற்றவைப்பிலோ தடத்திலோ உள்ளது. ஓர் எளிய கழித்தற் கணக்கும் ஓர் இடமாற்றமும் பிழையின் இருப்பிடத்தை இவ்வாறு காட்டிவிடுகின்றன.

பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. அவற்றில் பழைய நிரலை நொடியில் இயக்கலாம். ஆனால் எந்த எண் எந்தச் சில்லில் தங்குகிறது என்பதை அவை புலப்படுத்துவதில்லை. பலகையில் நேரும் பிழையோ அதனை நம் கண்முன் நிறுத்துகிறது.

இதற்குரிய சில்லுகள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. மாற்றுச் சில்லைப் பொருத்த நேர்ந்தால், எதற்கு மாற்றாக எது, எக்காரணத்தால் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் கடமையாகும். கண்ட ஒவ்வொரு பிழையும், அதைக் கண்ட வழியும் அதில் இடம்பெற வேண்டும். மறுபடியின் மீது மறுபடி என்றே பொறித்தலும் நேர்மைக்கு அழகு.

வாஸ்னியாக்கின் வரைபடம் எழுதப்பட்டு நின்றமையால்தான் நாம் இன்று அதனைக் கட்ட முடிகிறது. நம் குறிப்பேடு நின்றால், நமக்குப் பின்வருவோர் அதனைப் பழுதுபார்க்கவும் முடியும். மாணவர்க்கு இப்பயிற்சியை அளிக்கும் ஆசிரியர்கள், இயங்கும் பலகைக்கு மட்டுமன்றி அக்குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வழங்குவார்களாக.