விலை குறைந்த கார் டயர் வாங்கலாமா?

டெல்லியில் கரோல் பாக்கிலோ காஷ்மீரி கேட்டிலோ கார் டயர் விலை விசாரித்தால், ஒரே அளவுக்கு மூன்று நான்கு விலை சொல்வார்கள். பெயர்பெற்ற வெளிநாட்டு கம்பெனி டயருக்கு ஒரு விலை. உள்நாட்டுப் பெரிய கம்பெனிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதிகம் விளம்பரம் செய்யாத கம்பெனிக்கு இன்னும் குறைவு. பேரம் படியாமல் கிளம்பினால் சில இடங்களில் நாலாவதாக ஒரு விலையும் வரும்: பாதி விலைக்கு ஒரு ஜோடி இருக்கிறது, பில் மட்டும் கேட்காதீர்கள் என்பார்கள்.

முதல் மூன்றில் எதை வாங்கினாலும் அது உங்கள் பணத்தையும் தேவையையும் பொறுத்த முடிவு. நாலாவதைத் தொடவே கூடாது. நம்மில் பலர் விலையை மட்டும் பார்த்து, மூன்றாவதைக் கண்டு அஞ்சுகிறோம், நாலாவதற்கு மயங்கிவிடுகிறோம்.

மூன்றாவது ரகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்குச் சட்டமே காரணம். 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கார் டயருக்கான தர எண் ஐஎஸ் 15633. முத்திரையோடு 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் டயரின் பக்கச்சுவரில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால், உரிமம் யாருடையது, இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். இதற்கு மேல் ஏஐஎஸ் 142 என்ற விதியும் வந்திருக்கிறது. ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அது வரம்பு வைக்கிறது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், ஏற்கனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023-லிருந்தும் அது அமலுக்கு வந்தது. ஆகவே முத்திரையுள்ள புதிய டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒரு குறைந்தபட்சத் தேர்வில் தேறித்தான் கடைக்கு வருகிறது.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? பெரும்பகுதி ரப்பர் கலவைக்கு. நல்ல கலவை ஈரத்திலும் சாலையைப் பிடிக்கும், அதே சமயம் சீக்கிரம் தேயாது. இந்த இரண்டையும் ஒரே டயரில் கொண்டுவருவதுதான் கடினம். மலிவான டயரில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்திருப்பார்கள். நாம் கடையில் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்பது. கெட்டியான ரப்பரைப் போட்டால் கிலோமீட்டர் கூடும், ஆனால் மழையில் பிரேக் பிடிக்கும்போது கார் இன்னும் சில அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். 2024 ஜூன் 28-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானதை டெல்லிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெயில் ஊர் என்று நாம் நினைக்கும் இடத்தில் மழை அப்படித்தான் பெய்கிறது. எனவே கிலோமீட்டரைவிட ஈரப் பிடிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

கூடுதல் பணத்தில் இன்னொரு பகுதி பெயருக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. விலை எப்போதும் தரத்தை மட்டும் சொல்வதில்லை என்பதற்கு டெல்லியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிர்லா ஆகிய ஐந்து கம்பெனிகளும் 2011-12-இல் கூடிப் பேசி விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018 ஆகஸ்டில் எழுதப்பட்ட அந்த ஆணை, நீதிமன்றத் தடைகள் நீங்கி 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கு லாரி, பஸ் டயர்களைப் பற்றியது. கார் டயரைப் பற்றியதல்ல. ஆனாலும் வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வழக்கு.

கணக்குப் போட்டுத்தான் பாருங்களேன். 4,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 6,000 ரூபாய் டயர் 45,000 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு சுமார் 13 பைசாதான். மயூர் விஹாரிலிருந்து அலுவலகத்துக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போய் வரும் சிறிய காருக்கு மலிவான நல்ல டயர் போதும். பழையதாகி, இரண்டொரு ஆண்டில் விற்கப்போகும் காருக்கும் அப்படியே. குடும்பத்தோடு அடிக்கடி யமுனா விரைவுச் சாலையில் ஆக்ரா போய் வருகிறவர்களுக்கு என் பதில் வேறு. 165 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை, மே மாத வெயில், நிற்காத வேகம் என்று மூன்றும் சேரும் இடத்தில் ஈரப் பிடிப்பும் வெப்பம் தாங்கும் திறனும் உள்ள டயருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். அங்கே டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், காற்று குறைவாக இருந்தால் டயர் கெடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறும். வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான காற்றழுத்தம் எழுதியிருக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அதன்படி நிரப்புங்கள்.

இனி அந்த நாலாவது விலைக்கு வருவோம். பாதி விலை டயர் மூன்று வகையாக வரும். விற்காமல் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தது ஒன்று. கழற்றிப் போட்ட பழைய டயரைக் கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பது இன்னொன்று. மூன்றாவதுதான் மிக மோசம்: பட்டன் தேய்ந்து மொட்டையான டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி விற்பது. சில லாரி டயர்களில் மறுபடி வெட்டிக்கொள்ளவென்றே அடியில் கூடுதல் ரப்பர் விட்டிருப்பார்கள். அதைப் பக்கச்சுவரிலும் எழுதியிருப்பார்கள். கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது. பள்ளத்துக்குக் கீழே மெல்லிய ரப்பர், அதற்கும் கீழே கம்பி வலை. அங்கே கத்தி இறங்கினால், வேகத்தில் போகும்போது அந்த டயர் எப்போது பிரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி வெட்டி விற்பது வியாபாரத் தந்திரம் இல்லை, உயிரோடு விளையாடுவது.

கண்டுபிடிக்க வழி உண்டு. நல்ல டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த மேடு சாலையைத் தொடும். மோட்டார் வாகன விதிகள் காருக்கு அனுமதிக்கும் கடைசி எல்லையும் அந்த 1.6 மில்லிமீட்டர்தான். கத்தியால் வெட்டிய டயரில் அந்த மேடுகள் அறுபட்டிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பள்ளத்தின் ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். அச்சிலிருந்து வந்த புதுடயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். டயரைப் புரட்டி உள்பக்கமும் பாருங்கள், பஞ்சர் ஒட்டிய தழும்பு அங்கேதான் தெரியும்.

வயதைச் சொல்வது பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 1825 என்று இருந்தால் 2025-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் மறுபக்கத்தில் இருக்கும். ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஓராண்டு தாண்டியதற்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மூன்றாண்டு தாண்டியதை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 185/65 ஆர்15 88எச் என்பதில் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதே இடத்தில் 84 இருந்தால் 500 கிலோதான். அளவு ஒன்றுதானே என்று சொல்லிக் குறைந்த எண்ணுள்ள டயரை மாட்டிவிட்டால், ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கிளம்பும் நாளில் அது தாங்காது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் காரைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினம்.

டயர் வெடித்தால் விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2010-இல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் பின்டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். இது கடவுள் செயல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிவேகம், கூடிய அல்லது குறைந்த காற்று, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிக்கப் பல காரணங்கள் உண்டு, கிளம்பும் முன் டயரைப் பார்ப்பது உரிமையாளர், ஓட்டுநர் பொறுப்பு என்று சொல்லி, சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வழக்கமான கார் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. காரும் சேர்ந்து சேதமாகியிருந்தால்தான் கிடைக்கும், அதுவும் டயர் விலையில் பாதி.

பில் விஷயத்தில் நான் சமரசம் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. 'கச்சா பில்' என்ற துண்டுச் சீட்டு போட்டால் வரி மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். துண்டுச் சீட்டில் மிச்சமாகும் அந்தத் தொகைக்காக உத்தரவாதத்தையும் வழக்குப் போடும் ஆதாரத்தையும் இழக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. முறையான 'பக்கா பில்' வாங்கி, அதில் டயரின் பெயர், அளவு, வரிசை எண் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் எந்த நாட்டில் தயாரானது என்று விற்பவர் காட்டியாக வேண்டும். புதிய டயர் இறக்குமதிக்கு 2020 ஜூன் முதல் கட்டுப்பாடு இருக்கிறது. முத்திரையில்லாத வெளிநாட்டு டயர் மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

டயர் புடைத்தாலோ பிரிந்தாலோ படம் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் விட்டுவிடாதீர்கள், அந்த டயர்தான் உங்கள் சாட்சி. வாங்கிய கடை வழியாகக் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான், அதுவும் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான். பாதி தேய்ந்திருந்தால் புது டயரின் பாதி விலையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பள்ளத்தில் அடிபட்ட சேதம் என்று சொல்லி மறுத்தால், அந்தக் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் டயரை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

போலி ஐஎஸ்ஐ முத்திரை என்றால் விஷயம் இன்னும் பெரிது. உரிமம் இல்லாமல் முத்திரையைப் பயன்படுத்தினால் 2016-ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் சில ஆயிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதே 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் கடையைப் பற்றிப் புகார் பதியுங்கள். அடுத்த வாரம் அங்கே டயர் வாங்க வருகிறவர் தன் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போகிறவராக இருக்கலாம்.