போர்க்காலத்தில் சிரிக்க வைத்த சாம்பு

‘துப்பறியும் சாம்பு’, தேவன் 1942-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதத் தொடங்கிய நகைச்சுவைத் துப்பறியும் கதைவரிசை. மொத்தம் 50 கதைகள்.

தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். எழுத்தாளர் கல்கி 1941-இல் விகடனிலிருந்து விலகிச் சொந்தப் பத்திரிகை தொடங்கியபின், 1942-இல் தேவன் விகடனின் நிர்வாக ஆசிரியரானார். அப்போது சென்னையை இரண்டாம் உலகப் போரின் பயம் பிடித்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும், நகரவாசிகள் பலர் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். விளக்கணைப்பு வாழ்க்கையாகிவிட்ட அந்த நாட்களில்தான் சாம்பு வாசகர்களிடம் வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் தமிழில் துப்பறிபவர் என்றால் வீரர். நாவலாசிரியர் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தனுக்கு அறிவும் துணிவும் குறைவில்லை. சாம்புவோ வங்கி குமாஸ்தா. அசடு என்று பெயர் வாங்கியவர். நாற்பது வயதுக்கு மேல் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வீட்டில் மனைவி வேம்பு. காவல்துறையில் துணைக்கு இன்ஸ்பெக்டர் கோபாலன்.

கதைகளின் சூட்சுமம் எளிது. குற்றம், தடயம், சந்தேகம் எல்லாம் முறைப்படி இருக்கும். துப்பு மட்டும் தற்செயலாகத் துலங்கும். சாம்பு உளறுவார், பயப்படுவார், தப்பான இடத்தில் போய் நிற்பார்; குற்றவாளி அங்கேயே சிக்கிக்கொள்வான். ஒவ்வோர் அசட்டுத்தனத்தையும் கோபாலன் ஆழ்ந்த தந்திரம் என்று மெச்சுவார். உண்மை வாசகருக்கு மட்டுமே தெரியும். சிரிப்பு பிறப்பது அங்கேதான். ஆசிரியருக்கு இதில் இரட்டை வேலை: மர்மமும் அவிழ வேண்டும், அதை அவிழ்த்தவருக்கு எப்படி அவிழ்ந்தது என்று தெரியவும் கூடாது.

போரில் இறங்கியிருந்த அமெரிக்காவிலும் மர்மமும் சிரிப்பும் சேர்ந்த இந்தக் கலப்புக்கு வரவேற்பு இருந்தது. கிரெய்க் ரைஸ் என்ற பெண் எழுத்தாளர், குடிப் பிரியரான வழக்கறிஞர் ஜான் மலோனை வைத்துக் கொலைக் கதைகளில் கூத்தடித்தார். 1944-இல் வந்த ‘ஹோம் ஸ்வீட் ஹோமிசைட்’ நாவலில், துப்பறியும் கதை எழுதும் தாயின் மூன்று பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் கொலையில் துப்புத் துலக்குகிறார்கள். 1946-இல் ‘டைம்’ வார இதழ் ரைஸின் படத்தை அட்டையில் போட்டது. இந்தியாவிலோ, மராத்தியில் துப்பறியும் கதை வேறு, நகைச்சுவை வேறு என்று இரண்டும் தனித்தனியே செழித்தன: பாபுராவ் அர்நாள்கர் மர்மக் கதைகளை எழுதிக் குவித்தார், புனேயில் பிறந்த சி. வி. ஜோஷி, சிமண்ராவ் என்ற அப்பாவி நடுத்தர வர்க்கத்தவரைப் படைத்தார். சிமண்ராவின் அப்பாவித்தனத்தை அர்நாள்கரின் மர்ம உலகத்துக்குள் இறக்கிவிட்டால் சாம்பு கிடைப்பார்.

தேவன் 1957-இல் 43 வயதில் காலமானார். சாம்பு ஓவியர் கோபுலுவின் கோடுகளில் சித்திரத் தொடராகவும், காத்தாடி ராமமூர்த்தியின் நடிப்பில் தூர்தர்ஷன் தொடராகவும் வந்தார். கதைகளை அல்லயன்ஸ் நிறுவனம் நூலாக வெளியிட்டுள்ளது. தமிழ்த் துப்பறியும் கதையின் அசட்டு நாயகர்களில் இதுவரை சாம்புவை மிஞ்சியவர் இல்லை.