மெயின் லைன்: தண்டவாளமும் பத்திரமும்

“இது மெயின் லைன் வண்டியா, கார்டு லைன் வண்டியா?” விழுப்புரம் ஜங்ஷன்ல ரொம்ப காலமா கேக்குற கேள்வி. மாயவரம், கும்பகோணம் வழி போனா மெயின் லைன். விருத்தாசலம் வழி போனா கார்டு லைன். நமக்கு அது வழியைக் குறிக்கும் சொல். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதே சொல் ஒரு வர்க்கத்தைக் குறிக்கிறது. அங்கே ‘மெயின் லைன்’ என்றால் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையோரம் வாழும் பணக்காரர்களின் உலகம்.

ரயில் வந்தது, ஊர் செழித்தது என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மை. 1860-களின் இறுதியில் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி, வளைந்து கிடந்த பாதையை நேராக்க வழியிலிருந்த பண்ணை நிலங்களை வாங்கியது. மிஞ்சியதை மனைகளாக்கி விற்றது. ஹம்ஃப்ரீஸ்வில் என்ற ஊர் பிரின் மார் ஆயிற்று. அங்கே குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த செலவில் வீடு கட்டக்கூடாது என்பது நிபந்தனை. ஏழையை வெளியே நிறுத்த மதில் தேவைப்படவில்லை. மாளிகைகளில் வேலை செய்த ஐரிஷ்காரர்களும் கறுப்பின மக்களும் ஆர்ட்மோர் போன்ற ஊர்களின் ஒதுக்கமான தெருக்களில் குடியிருந்தார்கள்.

நம்ம பாதையில் இதற்கு நெருக்கமானது மாம்பலம். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றழைத்த ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கிழக்கே பூங்கா, அகலத் தெருக்கள், பங்களாக்கள். மேற்கே குமாஸ்தாக்களின் ஒண்டுக்குடித்தனம், கொசு, யானைக்கால். ஸ்டேஷன் ஒண்ணுதான், எந்தப் பக்கம் இறங்குறோம்ங்கறதுதான் விலாசம். தெருக்களுக்குப் பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. மனை வாங்கும் வசதி யாருக்கு இருந்தது என்பது வேறு கேள்வி.

ஊர், சேரி என்று பிரிக்க நமக்குத் தண்டவாளம் தேவைப்பட்டதில்லை. ஆனால் அந்தப் பழைய எல்லை இப்போது சதுரஅடி விலையாகவும் எழுதப்படுகிறது. தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று நீண்டு, 2002-இல் பரனூர் ஸ்டேஷனை ஒட்டி மகேந்திரா சிட்டி வந்தது. இன்று மனைக்கல் திண்டிவனம் வரைக்கும் நட்டாச்சு.

கல்லுக்குக் கீழே என்ன நிலம்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் தீண்டப்படாத மக்களின் நிலைமை பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகும் அம்மக்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும். அந்த நிலம் பெருமளவு பிறர் கைக்குப் போனது. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள்.

ஆக, பத்திரத்தில் இருவகை நிபந்தனைகள். ஏழையை விலக்கிவைக்க எழுதிய வரி பிரின் மாரில் வேலை செய்தது. தலித்துக்கு நிலத்தை உறுதிசெய்ய எழுதிய வரி செங்கல்பட்டில் மீறப்பட்டது. காகிதம் எழுதினா மட்டும் போதாது. அதைக் காப்பாத்துற அதிகாரம் யார் கையில இருக்குதுன்னு பாக்கணும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கொத்தனாரும் சித்தாளும் வடக்கே போகும் வண்டியில் ஏறுகிறார்கள், அந்த நகர்களைக் கட்ட. எதிர்த் திசையில் மனை விளம்பரம் வருகிறது: ‘ஸ்டேஷனுக்கு மிக அருகில்’. அதைப் பாக்கும்போது தூரத்தை விசாரிக்கிறதுக்கு முன்னாடி, ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்குன்னு கேட்போம்.