சின்ன ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது?

எம்ஜிபி போன்ற 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தைத் திருப்புவது முழுக்க நம் கை பலம்தான். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டீயரிங் அவ்வளவு பெரிதாக இருந்தது.

கை கொடுக்கும் விசையை வட்டத்தின் ஆரத்தால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும். 16 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 14 அங்குல ஸ்டீயரிங் மாட்டினால், அதே வேலைக்குச் சுமார் 14 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். ஓடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. நின்ற இடத்தில் ஒடித்துத் திருப்பும்போதுதான் தெரியும். டயர் தரையில் தேய்ந்துகொண்டே திரும்புவதால் தோள்பட்டை கடுக்கும். பதிலுக்குத் தொடைக்கு இடம் கிடைக்கிறது, கை நகரும் தூரமும் குறைகிறது. வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் அது தனி சுகம்.

வாங்குமுன் அட்டையை அதே அளவு வட்டமாக வெட்டி, இருக்கையில் உட்கார்ந்து பிடித்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் மறைகிறதா?

அடுத்தது பாஸ். ஸ்டீயரிங் தண்டின் பற்களோடு பொருந்தும் இந்த இணைப்புத் துண்டு காருக்குக் கார் மாறும். ஸ்டீயரிங்கை அதில் பொருத்தும் போல்ட் துளைகளும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்: மோமோ ஸ்டீயரிங்கின் ஆறு துளைகள் 70 மி.மீ. வட்டத்தில், நார்டி ஸ்டீயரிங்கின் ஆறு 74 மி.மீ. வட்டத்தில். நாலு மில்லிமீட்டர்தானே என்று துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கவே கூடாது. ஸ்டீயரிங்குக்கு ஏற்ற பாஸையே கேட்டு வாங்குங்கள்.